முழுசும் பெட்டியும்

டைம்கீப்பர் அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த பஸ் டிப்போவில் யாரும் கிடையாது. முப்பத்து நான்கு வருடம் அங்கே வேலை பார்த்தாள். நுழைவாயிலில் அவளுக்கென்று ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு மெத்தை என்று நிர்வாகம் எல்லாம் கொடுத்திருந்தது. மெத்தையில் டிப்போ பூனைதான் படுத்துக்கொண்டது. அக்கா வெயிலோ மழையோ வாசலில் நின்றாள், கையில் அட்டை, காதோரம் பேனா. பஸ் திரும்பும்போதே எண்ணைப் பார்த்துவிடுவாள். "எட்டு நிமிஷம்" என்பாள், அவ்வளவுதான். தாமதத்துக்கான காரணம் டிரைவர் வாயிலிருந்து தானாகக் கொட்டும். அதைக் காதில் வாங்குவதற்குள் அவள் அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பாள். அக்காவின் காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது டிரைவர்கள் மத்தியில் ஒரு பழைய கேலி.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவள் ஷிப்டில் இருந்தாள். வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவள் ஓரிடத்தில் நின்றால்தானே. ஓய்வு பெற்ற மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து கிளம்பித் தெருமுனை வரை போய், ஞாபகம் வந்து திரும்பினாள். அப்புறம் ஆறு மாதம் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கழற்றி மாட்டினாள். திரைச்சீலைகள், குழாய் வாஷர்கள், கதவுக் கீல்கள் எதுவும் தப்பவில்லை. கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன், அந்த ஸ்விட்ச் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

தம்பி இதற்கு நேர்மாறு. அசையாமல் உட்காரவென்றே பிறந்தவன். பல் செட் செய்யும் கூடத்தில் ஒரு முக்காலியில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் செதுக்கினான். அக்காவைவிட ஐந்து வயது இளையவன். மனைவி போன பிறகு அக்காவின் இரண்டாவது மாடி வீட்டுக்கே வந்துவிட்டான். வரும்போது துணிமணி ஒரு பெட்டி, டிவிடிகள் பதினொரு பெட்டி. வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு என்று இருபது வருடமாக வாங்கிச் சேர்த்தவை. மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு. முன்னறைச் சுவர் முழுக்க அலமாரி அடித்து, வாங்கிய வரிசையிலேயே அடுக்கி வைத்தான். வேலை விட்டு வந்ததும் ஒரு படம். அவனுடைய ஆசை அவ்வளவுதான். அக்கா அதில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. தலைப்பு ஓடி முடிவதற்குள் அடுப்படியில் ஏதோ வேலை அவளைக் கூப்பிட்டுவிடும்.

இரண்டு வருடம் முன்னால் தம்பியின் கண் கெட ஆரம்பித்தது. செதுக்கிக்கொண்டிருந்த பல், உற்றுப் பார்த்தால் காணாமல் போனது. வேலையை விட்டான். கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்கிறது, நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்றார். இதை அக்கா டாக்டர் வாயால் கேட்கவில்லை. காத்திருக்கும் அறையில் அவளால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. மருந்துக்கடை வரை நடந்துவிட்டுத் திரும்புவாள், மறுபடி நடப்பாள். தம்பி வெளியே வந்து சொன்னதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். "கொஞ்ச காலத்துக்கு எதையும் பெருசா வச்சுப் பாக்கச் சொல்றாருக்கா" என்றான். அந்தப் 'பெருசா' என்ற ஒரு சொல்லை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச காலம் என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய அகல டிவி வந்தது. பழைய சதுர டிவியை எலெக்ட்ரீஷியன் எடுத்துப்போனான். தம்பி ஆசையாக ஒரு படத்தைப் போட்டான். பிரமாதமாக வந்தது. அடுத்த நாள் வேறொன்று போட்டான். அந்த அகண்ட திரையின் நடுவில், நாலு பக்கமும் கறுப்பு கட்டி, சின்னதாக ஒரு படம் அம்போவென்று நின்றது.

"இம்மாம்பெரிய டிவியில தபால்தலை ஒட்டின மாதிரி இருக்கு" என்று அக்கா கொதித்தாள். கடைக்காரனை ஒரு கை பார்த்துவிடுவதாகச் செருப்பை மாட்டப் போனவளைத் தம்பி தடுத்து உட்காரச் சொன்னான். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

தம்பி விளக்கினான். அகலத்திரைப் படத்தை டிவிடியில் ஏற்ற இரண்டு வழி உண்டு. டிவிடிக்குள் இருக்கும் சட்டம் பழைய டிவி மாதிரி ஏறக்குறைய சதுரம். அகலமான படத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கி, ஆட்களெல்லாம் ஒல்லியாக, சட்டம் முழுவதையும் நிரப்பிப் பதிவது ஒரு வழி. அகல டிவி அதை மறுபடி இழுத்து விரித்துக்கொள்ளும், ஆட்கள் பழைய உடம்புக்கு வந்துவிடுவார்கள். இதற்கு அனமார்ஃபிக் என்று பெயர். இன்னொன்று சோம்பேறி வழி. படத்தைச் சின்னதாக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து, அந்தப் பட்டையையும் படத்தோடு படமாகப் பதிந்துவிடுவது. பழைய டிவியில் அது உறுத்தவில்லை. அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பு சேர்ந்து, படம் பெட்டிக்குள் போய்விடுகிறது. ரிமோட்டில் பெரிதாக்கும் பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் படம் கலங்கிக் கூழாகும். நல்ல கண்ணுக்கே கூழ் என்றால் அவன் கண்ணுக்குக் கேட்கவே வேண்டாம்.

அக்காவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. இந்தச் சுவரில் தம்பியால் பார்க்க முடிந்தவையும் இருக்கின்றன, முடியாதவையும் இருக்கின்றன. எது எது என்று யாருக்கும் தெரியாது. அப்படியே மூன்று மாதம் போயிற்று. தினமும் ஒன்றை எடுத்துப் பார்த்து, பாதி நாள் ஏமாந்து, இருக்கிற கொஞ்சப் பார்வையையும் அவன் வீணாக்கிக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக ஸ்விட்ச் போர்டோடு மல்லுக்கு நின்றவளுக்கு இப்போது ஒரு உருப்படியான வேலை கிடைத்துவிட்டது. பிரித்துவிடுகிறேன் என்றாள். எல்லாவற்றையுமா என்று தம்பி கேட்டான். எண்ணூற்றுப் பன்னிரண்டையும் என்றாள். தம்பி வாயைத் திறந்தான், ஏதோ சொல்ல வந்தவன் மென்று விழுங்கிவிட்டு, சரி என்றான்.

முதல் நாள் உறையின் பின்பக்கத்தைப் படித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பூதக்கண்ணாடியால் படித்தாள். 'அகலத்திரை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பக்கூடாது, அது இரண்டு வகைக்கும் பொருந்தும். 'பதினாறுக்கு ஒன்பது' என்றோ, 'அகலத்திரை டிவிக்கென மேம்படுத்தியது' என்றோ பொடி எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்த ஐம்பதை ஓட்டிப் பார்த்ததில் பதினான்கு பொய் சொல்லின. அதோடு உறைகளுக்கு மரியாதை போயிற்று. பஸ் பலகையில் எழுதியிருப்பதை நம்பி டைம்கீப்பர் அட்டை நிரப்புவதில்லை. ஒவ்வொன்றையும் ஓட்டியே பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

தம்பி காலையில் ஒன்பது மணிக்குப் பூங்காவுக்கு நடக்கப் போவான், பதினொன்றுக்குத் திரும்புவான். அந்த இரண்டு மணி நேரம் அக்காவின் ஷிப்டு. ஒரு டிவிடி தட்டுக்கு மூன்று நிமிடம். முகப்புப் பட்டியலைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று இரண்டாம் நாளே தெரிந்துகொண்டாள். பட்டியல் திரை முழுக்க ஜோராக வரும், படம் தொடங்கியதும் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் நேராக இரண்டாவது அத்தியாயத்துக்குத் தாவுவாள். மிக அகலமான படங்களுக்கு மேலும் கீழும் மெல்லிய கறுப்பு இருப்பது குற்றமில்லை, பக்கவாட்டில் கறுப்பு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது என்று தம்பி சொல்லிக்கொடுத்திருந்தான். ரிமோட்டைப் பிடித்தபடி திரையின் வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் பார்ப்பாள், நோட்டில் ஒரு எழுத்து போடுவாள், வெளியே எடுப்பாள். மு என்றால் முழுசு. பெ என்றால் பெட்டி. ச என்றால் சதுரமாகவே பிறந்த பழைய படம். அதன் மேல் குற்றமில்லை என்று தம்பி சிபாரிசு செய்திருந்தான். திரையில் யார் சுட்டார்கள், யார் அழுதார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாத விஷயம்.

முழுசு வந்தால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மதியச் சாப்பாட்டின்போது கணக்கு ஒப்பிப்பாள். "இன்னைக்கு இருபத்தாறு உனக்கு" என்பாள், தானே படமெடுத்துக் கொடுத்தவள் போல. ஒன்பது நாளில் முன்னூற்று ஐம்பத்திரண்டு முடிந்தது. முழுசு இருநூற்று ஒன்று, பெட்டி நூற்று நான்கு, சதுரம் நாற்பத்தேழு. பெட்டி ரகத்தை எதிர்த்தெரு நர்ஸ் விடுதிக்குக் கொடுத்துவிடலாம், அங்கே பொது அறையில் இன்னும் சதுர டிவிதான் இருக்கிறது என்று யோசனை சொன்னாள். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, குடுத்துடு என்றான்.

பத்தாம் நாள் காலை முதல் தட்டைப் போட்டதும் பிளேயர் அதை விழுங்கிவிட்டுத் துப்ப மாட்டேன் என்றது. தட்டிப் பார்த்தாள், மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியன் போனில், இரண்டு பொத்தானைச் சேர்த்துப் பத்து எண்ணும்வரை அமுக்கச் சொன்னான். தட்டு வெளியே வந்தது. கூடவே பிளேயர் வாங்கிய அன்றிருந்த புத்திக்குத் திரும்பிவிட்டது. பட்டியல் எல்லாம் யாருக்கும் புரியாத பாஷையில் வந்தது. அக்கா அசரவில்லை. நோண்டி நோண்டி, பாஷையை மட்டும் சரியாக்கிவிட்டு, தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறையாகத் தம்பியிடம் பெருமை அடித்தாள்.

அன்று ஒரு முழுசும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிதாக வாங்கியதிலிருந்து பழையது நோக்கி அலமாரியைப் பார்த்துக்கொண்டு வந்ததால், பழைய காலத்தில் எல்லாம் இப்படித்தான் பதிந்தார்களா என்று தம்பியைக் கேட்டாள். அப்போதெல்லாம் பெட்டிதான் அதிகம் என்று தம்பி சொன்னான். அதில் பொய் இல்லை. ஆனாலும் ஒரு தடத்தில் ஒன்று விடாமல் எல்லா பஸ்ஸும் லேட் என்றால் தவறு பஸ்ஸில் இல்லை, கடிகாரத்தில் என்பது முப்பத்து நான்கு வருடத்து அனுபவம். அந்த அனுபவம் உள்ளே முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதன் வாயை அடைக்க அவள் இன்னும் வேகமாக ஓட்டினாள். ஆறு நாளில் இருநூற்று முப்பத்தாறு தட்டு. பதினைந்து சதுரம், மற்றதெல்லாம் பெட்டி, முழுசு பூஜ்யம். அதிலிருந்து நூற்றைம்பதை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். விடுதிக்கு இரண்டாவது நடை. இந்த முறை பெட்டியைத் தம்பியே தூக்கிக்கொண்டு படியிறங்கினான். ஒரு படியிலும் தடுக்கவில்லை.

சாயங்கால ஏற்பாடு வேறு. முழுசு அடுக்கிலிருந்து ஒன்றைத் தேர்ந்து அக்கா மேஜையில் வைத்துவிட்டு, ஆறு மணிக்கு வெளியே கிளம்பிவிடுவாள். டிப்போ வாசல் வரை போய், எதிர்ப்புற மரத்தடியில் நின்று, உள்ளே வரும் பஸ்களுக்குக் கையில் அட்டை இல்லாமலே நேரம் பார்த்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவாள். தம்பி கை தடவியே தட்டைப் போடுவான், ரிமோட்டை அமுக்குவான். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெருசா வந்துச்சா?" என்று கேட்பாள். "நல்லா பெருசா வந்துச்சுக்கா" என்பான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அடுத்த நாள் காலை ரிமோட்டை எடுத்தாள்.

பதினாறாம் நாள் காலை கையில் வந்த உறையை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நோட்டைப் புரட்டினாள். எண்பத்தெட்டாம் நம்பர் தட்டு, அதே படம், அதே உறை. வாங்கியதை மறந்து தம்பி மறுபடி வாங்கியிருக்கிறான். எண்பத்தெட்டுக்கு நேரே மு என்று இருந்தது. கையிலிருந்த இரட்டையைப் போட்டாள். பெட்டி. இரண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்வளையத்தில் பொறித்திருந்த எண்ணை ஒப்பிட்டாள். ஒரே எண். எண்பத்தெட்டையே மறுபடி போட்டாள்.

பெட்டி.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே பிளேயரின் பட்டியலுக்குப் போனாள். பாஷைக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. டிவியின் வடிவம் என்ன என்று கேட்டு, சதுரம் என்று தானே பதிலும் எழுதி வைத்திருந்தது பிளேயர். பத்து எண்ணி அமுக்கிய அன்றே அதற்குப் புதிய டிவி வந்தது மறந்துபோயிருக்கிறது. சதுர டிவிதானே என்று நினைத்துக்கொண்டு, முழுசாக இருந்ததையும் அதுவே சுருக்கி, கறுப்புக் கட்டி அனுப்பியிருக்கிறது. வடிவத்தை மாற்றினாள். எண்பத்தெட்டு சுவர் முழுக்க விரிந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சந்தோஷத்தில் அறைக்குள் இரண்டு சுற்று சுற்றினாள். ஆறு நாள் ஷிப்டு பாழ். பரவாயில்லை, இருநூற்று இருபத்தொன்றையும் மறுபடி ஓட்ட வேண்டும், அதில் பாதியாவது முழுசாக வரும், நர்ஸ் விடுதியில் போய்க் காலில் விழுந்தாவது இரண்டாவது பெட்டியை மீட்க வேண்டும். எத்தனை வேலை. நோட்டை எடுத்து ஆறு நாள் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அடித்துக்கொண்டே வரும்போது, பக்கத்தின் ஓரத்தில் சாயங்காலத்துக்கென்று அவள் குறித்திருந்த நம்பர்கள் கண்ணில் பட்டன. பன்னிரண்டு. நூற்று மூன்று. ஐம்பத்தாறு.

பேனா நின்றது. பிளேயர் ஒன்றுதான். காலையில் சுருக்கியதையே சாயங்காலமும் சுருக்கியிருக்கும். ஆறு சாயங்காலம், ஆறு படம், ஆறும் இதே சுவரில் தபால்தலையாகத்தான் வந்திருக்கும். ஆறு நாளும் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் கேட்டாள். ஆறு நாளும் அவன் நல்லா பெருசா வந்துச்சுக்கா என்றான்.

 அவள் மனம் உடனே வக்கீல் வைத்துக்கொண்டது. அவன் கவனித்திருக்க மாட்டான், கண்ணயர்ந்திருப்பான், அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் விட்டிருப்பான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மணி பதினொன்று. அவள் ஒரு காரியம் செய்தாள். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. கேட்டுத் தெரிந்துகொள்வது அவள் வழக்கமில்லை, ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். டிவியின் வடிவத்தை மறுபடி சதுரமாக்கினாள்.

தம்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். காலையிலேயே படம் ஓடுகிறதே என்றான். உனக்காகத்தான் போட்டேன், கொஞ்சம் பார் என்றாள். அவன் முகத்தைத் திரைக்கு நேரே நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒழுங்காகப் பார்த்தான். சுவரின் நடுவில், நாலு பக்கக் கறுப்புக்குள், சின்னஞ்சிறியதாக யாரோ ஒருத்தி யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்படி வருது?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லா வருதுக்கா. முழுசா, பெருசா இருக்கு."

டிவியை அணைத்துவிட்டுக் கேட்டால் என்ன சொல்வான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைச் செய்ய அவளுக்குக் கை வரவில்லை. அடுப்படிக்குப் போனாள், அங்கிருந்து திரும்பினாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். அழுகை வரப் பார்த்தது. அதற்கு முன்னால் கோபம் முந்திக்கொண்டது.

"பெட்டியா இருக்குடா" என்றாள். "பிளேயர் ஆறு நாளா தப்பா இருக்கு. நீ ஆறு நாளா பெருசு பெருசுன்னு சொல்லிட்டிருக்க."

தம்பியின் மடியிலிருந்த கைகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன. இல்லை என்று மறுக்கவோ பூசி மெழுகவோ அவன் முயலவில்லை. ரிமோட்டைத் தடவி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். டிவி வந்த முதல் மாதம் நன்றாகத் தெரிந்தது என்றான். அப்புறம் நடுவில் ஒரு சாம்பல் வந்தது, வளர்ந்தது. அவள் பிரிக்க ஆரம்பித்தபோதே பாதித் திரை போய்விட்டது. போன தடவை போனபோது டாக்டரும் அதைத்தான் சொன்னார். அக்கா அப்போது மருந்துக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

"டிவியைச் சுத்தி எல்லாம் தெரியுது" என்றான். "அலமாரி தெரியுது, கதவு தெரியுது, படி தெரியுது, அதனாலதான் தடுக்காம நடக்கறேன். டிவி இருக்கிற இடம் மட்டும் இல்ல."

"ரெண்டு பெட்டி நிறையக் கட்டிக் குடுத்தேனே. இருபது வருஷமாச் சேத்தது. நீயே தூக்கிட்டு வேற போன. அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

அக்கா நோட்டை மூடினாள்.

"அதான்" என்றான் தம்பி. "உனக்குப் பண்றதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. தினம் மத்தியானம் இருபத்தாறு, முப்பதுன்னு வந்து சொல்லுவ. அம்மா போனதுக்கப்புறம் நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லக்கா. அதை நிறுத்த எனக்கு மனசு வரல."

அக்கா அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். பத்தொன்பது வயதில் தாயை இழந்தபோது, பதினான்கு வயதுத் தம்பி பார்த்துக்கொண்டிருந்ததால் அழாமல் டிப்போவுக்கு விண்ணப்பம் எழுதப் போனவள் அவள். இன்றைக்குத் தம்பி பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைத்தது. அழுகை இன்னும் பெரிதாயிற்று. தம்பி எழுந்து அவள் பக்கம் வந்தான். வந்தவன் அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்கு அப்பால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நாளாகவே அவன் இப்படித்தான் எங்கோ பார்த்துக்கொண்டு பேசுகிறான், தான் சொல்வதில் அவனுக்கு அக்கறை இல்லை என்று அவள் உள்ளூரக் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா அங்க பாக்கற?" என்று கேட்டாள்.

"உன்னை நேராப் பாத்தா நீ இருக்க மாட்டக்கா. வேற எங்கயாவது பாத்தாத்தான் ஓரத்துல நீ வருவ. அதுவும் நீ எப்பவும் ஓடிட்டே இருப்பியா, நான் தேடிப் பிடிக்கறதுக்குள்ள போயிடுவ."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பில் எதுவோ கொதித்து வழியும் சத்தம் கேட்டது. அவள் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. தம்பி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், தலையை மட்டும் மெதுவாக, ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் என்று அசைத்து, எதையோ சரிபார்த்து நிறுத்தினான்.

"இப்பத் தெரியுது" என்றான். "மூக்கு சிவந்திருக்கு. முடி நெறைய நரைச்சுப்போச்சு உனக்கு. அப்படியே நில்லு."

அடுப்பில் கொதித்தது பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. அக்கா நகரவில்லை.